ஏழு டிகிரி அதிகம்

ஆய்வக உதவியாளர் வேலையில் பாதி கழுவுவது, மீதி காத்திருப்பது; செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வளைவு

ஊட்டியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் இருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. ஆராய்ச்சி மாணவி பானு புதுப்புதுத் திரவப் படிகங்களைத் தயாரிக்கிறாள். செல்போன் திரைகளில் வருவது குச்சி போன்ற மூலக்கூறு. பானுவுடையது தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி போல வளைந்தது. அதன் இரு பக்க வாலையும் நீட்டி நீட்டிப் பதினொரு பொருள்கள் செய்துவிட்டாள். ஒவ்வொன்றையும் கண்ணாடித் துண்டில் வைத்துச் சூடாக்கி, எந்த டிகிரியில் உருகுகிறது, எதில் நிறக்கோலம் தோன்றுகிறது, எதில் மறைகிறது என்று நுண்ணோக்கியில் மூன்று தடவை பார்த்து எழுதுவது என் வேலை.

எட்டிப் பார்த்த ஆபீஸ் கிளார்க் கேட்டார்: "நேரா நின்னதை வளைச்சுப்போட்டு, இப்ப வரிசையா நிக்குதான்னு பாக்கறீங்களாக்கும்?"

கொதிநீர்

சூடாக்கும் கருவியைச் சரிபார்க்கக் கோவையிலிருந்து மெக்கானிக் வந்தார். அதன் வெப்பமானிக் கம்பியைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டார். தொண்ணூற்று மூன்று காட்டியது. கருவியில் ஏழு கூட்டிவைத்துவிட்டார். இந்த உயரத்தில் தண்ணீர் தொண்ணூற்று மூன்றிலேயே கொதிக்கும். நானே பல தடவை அளந்திருக்கிறேன். 'இங்கே வந்து...' என்று இழுத்தேன். அதற்குமேல் கூச்சம். 'இன்று முதல் ஏழு கூட்டப்பட்டது' என்று நோட்டில் மட்டும் எழுதினேன்.

அவர் பெட்டியை மூடியபடி சொன்னார்: "ஏனுங்க, தண்ணி எந்த ஊர்லயும் நூறுலதானுங்க கொதிக்கும்!"

பன்னிரண்டாவது

நான்கு மாதம் கழித்து, பன்னிரண்டாவது பொருளில் பானு தேடிய நிறக்கோலம் வந்தது. அதில் பாதியைச் சமவெளியில் உள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எல்லா மாற்றமும் ஏழு டிகிரி முன்னதாகவே நடந்தது. பொருள் சுத்தமில்லை, முதலிலிருந்து செய் என்றார் பானுவின் பேராசிரியர். பானு மேசையில் தலை கவிழ்ந்துகொண்டாள்.

நோட்டை எடுத்துப்போய் அவர் முன் விரித்தேன். ஏழு கூட்டிய வரியில் விரலை வைத்தேன். அலமாரியிலிருந்து பென்சாயிக் அமிலத்தை எடுத்தேன். மலையோ சமவெளியோ, அது உருகுவது நூற்றிருபத்திரண்டில், புட்டியிலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் கருவியில் நூற்றிருபத்தொன்பதில் உருகியது. மூன்று தடவையும் அப்படியே. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப்போட்டு, நான்கு மாத அளவுகளிலும் ஏழைக் கழிக்கத் தொடங்கினார். பொருளில் குறையில்லை.

பானு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நாலு மாசமா இதை மனசுலயே வெச்சிருந்தீங்களா அண்ணா? நல்லா இருப்பீங்க!"

அன்றிலிருந்து, தெரிந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல எடுத்துக்கொள்ளும் காலத்தை நான்கு மாதத்திலிருந்து இரண்டு நாளாகக் குறைத்திருக்கிறேன்.