நான் எடுத்துக்கொடுக்காத வரி

பச்சை அட்டை போட்ட அந்த நாடகப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அரசியின் வசனங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். மூச்சு விடவேண்டிய இடங்கள். கோடு போட்டது நான். மேடையில் பேசியது என் அண்ணி.

அந்த வேடம் எனக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தேன். தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவள், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர் கோத்தா திங்கியில் செய்யுள் நாடகம் போடுகிறார்கள் என்றால் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? அண்ணி சாஆ என்ற சிற்றூருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், படிவம் மூன்றோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர், தொழிற்சாலையில் வேலை. நடிகர் தேர்வு நாளில் எனக்குத் துணைக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தவரை இயக்குநர் சும்மா ஒரு வரி சொல்லச் சொன்னார். சொன்னார். அண்ணியின் குரலுக்கு மண்டபமே திரும்பிப் பார்த்தது. வேடம் அவருக்குப் போனது. பக்கத் திரைக்குப் பின்னால் பிரதியோடு உட்கார்ந்து, யாராவது மறந்தால் வரியின் முதல் சொல்லை எடுத்துக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. "உங்களுக்குத்தான் டீச்சர் எல்லாம் மனப்பாடம்" என்று இயக்குநர் ஐஸ் வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

செய்யுள் நாடகத்தில் மறந்தால் சமாளிக்க முடியாது. உரைநடை என்றால் எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடலாம். இங்கே ஒரு சொல் மாறினாலும் ஓசை நொண்டும். அதனால் இயக்குநர் எங்களை நடக்கவிட்டுப் பழக்கினார். ஒவ்வொரு சீருக்கும் ஓர் எட்டு, வரி முடிந்ததும் நின்று மூச்சு. அண்ணி வீட்டிலும் அப்படித்தான் நடந்தார், சமையற்கட்டிலிருந்து துணி காயும் இடம் வரை. அப்போது நானும் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணி நடிப்பது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு தடவதான். மேடையில அசிங்கப்பட்டா அதோட சரி, அப்புறம் நாடகம்னு வாயத் திறக்கக் கூடாது" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டார். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பின்னால நீ இருக்கல்ல, எனக்கு என்ன பயம் லா."

அரங்கேற்ற நாள், மூன்றாம் காட்சி. அரசி தன் மகனின் உயிரை அரசனிடம் கேட்கும் இடம். அண்ணி இரண்டு வரி சொன்னார், நின்றார், மூச்சு வாங்கினார். அடுத்த வரி வரவில்லை. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தேன். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் குனிந்து பிரதியைப் புரட்டினேன், இடம் தேடுகிறவள் போல. பின்வரிசையில் யாரோ "அலமாக்!" என்று மலாயில் ஐயையோ போட்டார்கள், சிரிப்பு பரவியது. அரசனாக நடித்தவர் தன் வசனத்துக்குத் தாவிவிட்டார். பொய் சொல்ல விரும்பவில்லை: அந்தச் சில விநாடிகள் எனக்கு இனித்தன.

காரில் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "போதும்ல?"

அண்ணி "போதும்" என்றார். அடுத்த ஆண்டு அதே நாடகத்தை மறுபடி போட்டபோது அரசி வேடம் எனக்குக் கிடைத்தது. பிரமாதமாகச் செய்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள், அண்ணியும்தான்.

போன மாதம் அண்ணி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். புதிய நாடகம் ஒன்றுக்கு அண்ணியைக் கேட்டுப் பார்க்கும்படி இயக்குநர் சொல்லியிருந்தார். கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்கு என்ன வந்ததோ, "அன்னிக்கு எனக்கும் பக்கம் தவறிப்போச்சு அண்ணி" என்றேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பொய்தான்.

அண்ணி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். பிறகு அரசியின் அந்த வசனத்தை முழுவதும் சொன்னார், ஒரு சொல் பிசகாமல், நிதானமாக.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்த உடனே ஞாபகம் வந்துருச்சு" என்றார். "நீ புக்கப் பாக்காமலே எல்லாருக்கும் எடுத்துக்குடுத்த. எனக்கு மட்டும்தான் புக்கப் புரட்டுன. உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லல. சொல்லிருந்தா உன்னையும் நாடகத்துக்குப் போக விட்டுருக்க மாட்டாரு."