'ங்க' இல்லாத பாஷை

மலர்விழிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று கச்சிராயபாளையத்தில் யாரும் வாயைத் திறக்க முடியாது. கள்ளக்குறிச்சிக்குத் தினம் பஸ் பிடித்துப் போய் மூன்று வருஷம் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் அது அவள் கைக்குத்தான் வரும். ஆனால் படிப்பு முடிந்த கையோடு வீரமணியைக் கட்டிக்கொண்டாள். அவன் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவன். வெளியூர் வெட்டுக்கு மேஸ்திரிகள் தனி ஆளைச் சேர்ப்பதில்லை. புருஷன் வெட்ட வேண்டும், பெண்டாட்டி கட்டுக்கட்ட வேண்டும். ஆகவே தை பிறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜோடியாக வெளி மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பும்போது சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்.

அதெல்லாம் போகட்டும். மகள் பாப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பொங்கலோடு அவள் படிப்பு நின்றுபோனது. விட்டுவிட்டுப் போகவும் ஆளில்லை. மாமியார் செல்லியம்மாள் கண் மங்கிப்போய் கரியாலூரில் பெரிய மகன் வீட்டில் இருக்கிறாள். இப்போது பாப்பா மூன்றாம் வகுப்பு. வீரமணி இந்த வருஷமும் மேஸ்திரியிடம் இருவர் பெயரையும் கொடுத்து வைத்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் சின்னசேலத்தில் வேலை கிடைத்தது. ஸ்டேஷன் ரோட்டில் உரக்கடை மாடியில் இருபது நாற்காலி, இருபது கம்ப்யூட்டர். இங்கிலாந்தில் யார் வீட்டிலாவது குளிருக்கு மூட்டுகிற கேஸ் ஹீட்டர் மக்கர் செய்தால் போன் இங்கேதான் அடிக்கும். அவர்களுக்கு விடிகிற நேரம் நமக்கு மத்தியானம். மூன்று மாதம் பார்ப்பார்கள். ஓர் அழைப்பை ஆறு நிமிஷத்துக்குள் முடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் பொங்கலுக்கு முன்னால் கும்பிடு போட்டுவிடுவார்கள். மலர்விழிக்கு ஒன்பது நிமிஷம் ஆனது. இரண்டாம் மாதம் முடிந்தும் ஒன்பதிலேயே நின்றது.

அவள் செய்த தப்பு நம்ம ஊர்ப் பெண்ணுக்கு மட்டுமே வரக்கூடியது. போன் செய்கிறவர்கள் பாதிக்குமேல் வயசானவர்கள். பெரியவர்களிடம் பேசினால் நமக்கு வாய் தானாக 'ங்க' போடும். இங்கிலீஷில் அந்த 'ங்க'வுக்கு எங்கே போவது? மலர்விழி அதற்குப் பதிலாகப் பெரிய பெரிய வார்த்தையைப் போட்டாள். 'டர்ன் ஆஃப்' என்று இரண்டே சொல்லில் சொல்வது அவளுக்கு 'நிறுத்துடி' என்பதுபோல் காதில் விழுந்தது. அதனால் 'கைண்ட்லி டிஸ்கன்டினியூ' என்றாள். 'ஹோல்ட் ஆன்' என்பதற்கு ஒரு முழு விண்ணப்பமே படித்தாள். பேச்சு முடிந்த பிறகும் தானாகப் போனை வைக்கமாட்டாள். பெரியவர்கள் வைக்கட்டும் என்று காத்திருப்பாள். நிமிஷம் ஓடாமல் என்ன செய்யும்?

குழுத்தலைவி இசபெல்லா சின்னசேலத்துக்காரி, நல்லவள்தான். நான்கு பக்கத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்தாள். புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட், புட் அப் என்று ஒரே சொல்லுக்கு எட்டு வால். வெள்ளைக்காரன் கையில் இருப்பது என்னவோ பத்துப் பதினைந்து வினைச்சொல்தான். அதற்கு ஆளுக்கொரு வாலை ஒட்டிவிட்டே காலத்தை ஓட்டுகிறான்.

"இதான் அவங்க வூட்டுல பேசற இங்கிலீஷு மலரு. நீ பேசறது கோர்ட்டு இங்கிலீஷு" என்றாள் இசபெல்லா.

"பெரியவங்க கிட்ட இப்டி மொட்டையா எப்டிங்க மேடம் சொல்றது?"

"மரியாத பாத்துக்கினு இருந்தா வேல போயிடும்டி."

மலர்விழி பட்டியலை மனப்பாடம் செய்தாள். அடுப்பில் பால் பொங்கினால் 'பாயில் ஓவர்', எண்ணெய் தீர்ந்தால் 'ரன் அவுட்'. "இன்னா முணுமுணுத்துக்கினே கீற, மந்திரமா?" என்று வீரமணி கிண்டல் செய்தான். வீட்டில் எல்லாம் சரளமாக வந்தது. ஹெட்போனை மாட்டி எதிரே ஒரு கிழக்குரல் கேட்டதும் நாக்கு பழையபடி கும்பிட ஆரம்பித்தது.

மார்கழி பாதியில் ஒருநாள் டோரத்தி என்று ஓர் அம்மாள் கூப்பிட்டார். எண்பத்து மூன்று வயசு, தனியாக இருக்கிறவர். அங்கே உறைபனி. ஹீட்டரில் எரிகிற சின்ன சுடர் அணைந்து அணைந்து போகிறது. அன்றைக்கு இது ஐந்தாவது முறை கூப்பிடுகிறார் என்று திரை காட்டியது. மலர்விழி மனசு கேட்காமல், வழக்கத்தைவிடவும் கூடுதல் மரியாதையோடு, குமிழை அமுக்கிப் பிடிக்கச் சொல்வதற்கு 'டிப்ரெஸ்', 'ரீடெயின்' என்று நீளமாக விளக்கினாள். "சரிம்மா, நன்றி" என்றார் அவர்.

முடிந்தது. ஆனால் அவர் போனை வைக்கவில்லை; மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். காலடிச் சத்தம் கேட்டது. எதிரிலிருந்து இசபெல்லா, கட் பண்ணு என்று கையால் வெட்டிக் காட்டினாள். மலர்விழி வைக்கவில்லை. அப்போதுதான் தூரத்தில் அந்தக் குரல் தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்டது. என்ன செய்யச் சொல்கிறாள் இந்தப் பெண், எனக்கு ஒன்றும் புரியவில்லையே. கூடவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

மலர்விழி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஐந்து பேர் பேசியும் அந்த அம்மாள் குளிரில் நிற்கிறார். அதில் தன் பங்கும் இருக்கிறது. போன மாசம் கரியாலூரில் புதுசாக வந்த கேஸ் அடுப்பைப் பற்றவைக்க, கண் சரியாகத் தெரியாத மாமியாருக்குப் போனிலேயே அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அங்கே ஒரு பெரிய வார்த்தையும் தேவைப்படவில்லை. அமுக்குங்க, அப்டியே புட்ச்சுக்கினு இருங்க, இப்ப வுடுங்க, அவ்வளவுதான்.

"மேடம், நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்" என்று இங்கிலீஷில் உரக்கச் சொன்னாள். காலடி திரும்பி வந்தது. போனை ஸ்பீக்கரில் போடவைத்து ஹீட்டர் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னாள். பிறகு செல்லியம்மாளிடம் பேசுகிற அதே குரலில், அதே நிதானத்தில், ஆரம்பித்தாள்.

"புஷ் இட் இன்... ஹோல்ட் இட் டவுன்..."

"விட்டுவிடட்டுமா?" என்றார் டோரத்தி.

"நாட் யெட், ஹோல்ட் ஆன்." இருவரும் சேர்ந்து இருபது வரை எண்ணினார்கள். "நவ் லெட் கோ. டர்ன் இட் அப்."

புஸ் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்த அம்மாளின் சிரிப்பு. காலையிலிருந்து பேசியவர்களில் நீ ஒருத்திதான் மரியாதையாகப் பேசினாய் மகளே, என்றார்.

மலர்விழிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இரண்டரை மாசமாக எந்த மரியாதைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு வார்த்தைகளைச் சுமந்தாளோ, அது இத்தனூண்டு சொல்லிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. திரையில் பதினெட்டு நிமிஷம். இசபெல்லா வந்து நின்றாள். திட்டத்தான் வந்தாள் போலிருக்கிறது. முகத்தைப் பார்த்துவிட்டு, "மூஞ்சி கழுவிக்கினு வா, அடுத்த கால் நிக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து மலர்விழி சின்னச் சொற்களாலேயே பேசினாள். வாலெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கேட்டவர்கள் மறுபடி கேட்கவில்லை. ஏழு நிமிஷமானது, ஆறானது, கடைசி வாரம் ஐந்தரைக்கு வந்தது. இப்போதும் போனை முதலில் வைக்கமாட்டாள். அதற்கு நேரம் மிச்சமிருந்தது. போகிக்கு முந்தின நாள் இசபெல்லா நிரந்தர உத்தரவைக் கொடுத்தாள். மலர்விழி அதை இரண்டு தடவை படித்தாள், பஸ்ஸில் மூன்றாம் தடவை.

வீட்டு வாசலில் நின்றபடியே வீரமணி மேஸ்திரிக்குப் போன் போட்டான். "அண்ணே, இந்த வருசம் எங்க ஜோடி வர்ல. அவுளுக்கு வேல கெடச்சிடுச்சி. நான் இங்கயே ஊர்க் கரும்பு வெட்டிக்கறேன்." அந்தப் பக்கம் ஏதோ சத்தம் போட்டார்கள். வீரமணி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே பாப்பா தன் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷப் பழக்கம், யாரும் சொல்லாமலே செய்வாள்.

"அதெல்லாம் வெளிய எடுடி. நாம போவல."

"பொங்கலுக்கு அப்பறமா போவோமா?"

"எப்பவும் போவல."

பாப்பா பையிலிருந்து ஒரு பாவாடையை வெளியே எடுத்தாள்.

"அப்ப நான் முழுப்பரிச்ச எழுதுவேனாம்மா?"

"எழுதுவ" என்றாள் மலர்விழி.