பின்சீட்டில் உட்கார்ந்த பிரேக் இன்ஸ்பெக்டர்

எங்கள் பக்கத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று யாரும் சொல்வதில்லை. ஆபீஸ் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் டிரைவர்கள் வாயில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். அந்தப் பெயரை நம்பி நான் ஒரு தடவை ஏமாந்தேன். ஏமாந்தது நல்லதாகப் போயிற்று.

அப்போது ஓசூரில் ஒரு மஞ்சள் போர்டு வேன் ஓட்ட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரே வேலையில் ஒன்றரை வருடம் என்பது எனக்குப் புதிது. எட்டாம் வகுப்பு பாதியில் சாமல்பட்டியில் ரயிலேறியவன் நான். பெங்களூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன். கிரானைட் பட்டறையில் கல்லுக்குப் பாலீஷ் போட்டேன். மாம்பழக் கூழ் கம்பெனியில் இரண்டு சீசன் நின்றேன். லாரியில் கிளீனராகப் போய் டிரைவரானேன். எந்த இடத்திலும் என்னை யாரும் துரத்தவில்லை. யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னால் அடுத்த நாள் நான் அங்கே இருக்கமாட்டேன், அவ்வளவுதான். பசியும் தரைப் படுக்கையும் காய்ச்சலோடு வேலையும் இருந்தன. கூட இருந்தவர்களுக்கும் அதேதான்.

வேன் நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவருடையது. காலை ஷிப்டுக்குப் போகும் எட்டுப் பெண்களைத் தொரப்பள்ளியில் தொடங்கி வழியெல்லாம் ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் இறக்கிவிட வேண்டும். மதியம் திரும்பக் கூட்டிவர வேண்டும். எட்டுப் பேரில் மூத்தவர் தொரப்பள்ளி அக்கா. பத்து வருடம் களையெடுத்துவிட்டு கம்பெனிக்கு வந்தவர். மற்றவர்கள் என்ன சொல்ல நினைத்தாலும் அவர் வழியாகத்தான் எனக்கு வரும்.

வேனுக்கு எஃப்.சி. தேதி நெருங்கியது. வாடகை வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறது என்று அரசாங்கம் கொடுக்கும் சான்று அது. அது முடிந்துபோன வண்டியைக் கம்பெனி கேட்டில் ஒரு நாள்கூட விடமாட்டார்கள். கம்பெனிக்கு வண்டிகளை அமர்த்தும் காண்ட்ராக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "தேதி தாண்டுச்சுன்னா வேற வண்டி ரெடியா இருக்குது. அப்புறம் இந்த ரூட்டு உனக்கில்ல." முதல்முறையாக ஒரு வேலையை விட எனக்கு மனமில்லாமல் இருந்தது.

அதனால் பழுதில்லாமல் செய்துவிட வேண்டும் என்று, எஃப்.சி.க்கு இரண்டு நாள் முன்பே வண்டியை முழு சர்வீசுக்கு விட்டேன். மெக்கானிக் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர். யாரைப் பார்த்தாலும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாம் மாற்றினார். நான் பக்கத்தில் நின்று பிரேக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

"நாலு வீலுக்கும் லைனிங் புதுசா போடுங்கண்ணா. பார்க்கப்போறவரு பிரேக் இன்ஸ்பெக்டரு."

"ஆய்த்து குரு. நீ மிதிச்சா வண்டி நிக்கும். ரொம்ப மிதிச்சா கண்ணாடி வழியா நீ போவே."

எஃப்.சி. முடியும் கடைசி நாள் அன்றுதான் எனக்கு முறை கிடைத்தது. வண்டியைக் கழுவி, சர்வீஸ் பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆபீஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் வரிசையில் நின்றேன். முன்னால் நாலைந்து ஆட்டோ, ஒரு டிப்பர்.

இன்ஸ்பெக்டர் வந்தார். லைட், ஹாரன், வைப்பர், பட்டன் பட்டனாகப் போடச் சொன்னார். டயரைக் குனிந்து பார்த்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சு இருக்கிறதா என்று தொட்டார். பக்கத்து சீட்டில் ஏறி ஓட்டச் சொன்னார். மைதானத்து நடுவில் "பிடி" என்றார். பிடித்தேன். வேன் ஆணி அடித்ததுபோல நின்றது.

"பிரேக் நல்லா இருக்கு" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் இறங்கிப் போய் பின்பக்கம் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்.

"கதவைச் சாத்திட்டு அந்த வேப்பமரத்துகிட்ட போய் நில்லு."

சாத்திவிட்டுப் போய் நின்றேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பின்னால் உட்காருபவர்களுக்கு அந்த வேனில் இடப்பக்கம் தள்ளித் திறக்கும் ஒரே கதவு. போன எஃப்.சி. முடிந்து சில மாதத்தில் அதன் உள்பக்கக் கைப்பிடியின் கம்பி அறுந்துவிட்டது. வெளியிலிருந்து திறந்தால் திறக்கும், உள்ளிருந்து திறக்காது. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நானே இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்து, ஓரமாக நின்று பெண்களை இறக்கிவிடுவேன். வேறெந்த வேன்காரனும் அப்படிச் செய்வதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வேனுக்குள் கைப்பிடி கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடியில் தட்டும் சத்தம். பிறகு, "யோவ்!"

வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "டேய், பிரேக் இன்ஸ்பெக்டரையே கடத்தினு போறான்டா இவன்!"

மைதானமே சிரித்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கை பழக்கத்தில் ஓரமாக நின்று வழியும் விட்டேன். அவர் இறங்கவில்லை. வியர்த்த முகத்தோடு அங்கேயே உட்கார்ந்து கேட்டார்.

"தினமும் இப்படித்தானா?"

"ஆமாங்க சார். லேடீஸ் போற வண்டி. நானே இறங்கி வந்து திறந்து விடுவேன். ஒரு மரியாதைங்க."

"சரி. எங்கியாவது மோதி நீ முன்னாடி மயங்கிக் கிடக்கற. வண்டி புகையுது. இவங்களுக்கு யாருய்யா வந்து மரியாதை பண்ணுவாங்க?"

சட்டைப்பையிலிருந்து சர்வீஸ் பில்லை எடுத்து நீட்டினேன். "முந்தாநாள்தான் சார் ஃபுல் சர்வீஸ்."

அவர் வாங்கி முழுவதும் படித்தார். அதை இன்றும் மறக்கவில்லை. என்னைப்போன்றவன் நீட்டும் காகிதத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. "நல்ல வேலை பண்ணியிருக்காங்க. இதெல்லாம் வண்டி ஓடறதுக்கு. நான் பார்க்கறது உள்ள இருக்கறவன் வெளிய வர்றதுக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். குறையை எழுதி, சரிசெய்துவிட்டு நாளை காட்டச் சொன்னார்.

நாளை என்றால் தேதி தாண்டிவிடும். நேராக மெக்கானிக்கிடம் போய்க் கத்தினேன். அவர் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"நீ எனக்குச் சொன்னியா குரு?"

"நீங்க பார்க்கலியா?"

"சர்வீஸ்ல லிஸ்டுல இருக்கறதப் பார்ப்பேன், நீ சொல்றதப் பார்ப்பேன். ஓட்டிப் பார்க்கறப்போ டிரைவர் சீட்ல உக்காருவேன். பின்னாடி உக்காந்து கதவச் சாத்திக்க நான் என்ன மாப்பிள்ளையா?"

புதுக் கம்பி கடையில் இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்கு போன் போட்டு, காலை முதல் பஸ்ஸில் வரவழைப்பதாகச் சொன்னார். நான் தொரப்பள்ளி அக்காவுக்கு போன் செய்தேன். நாளைக்கு வேன் வராது, பஸ்ஸில் போக வேண்டியிருக்கும், காண்ட்ராக்டர் வேறு வண்டி போட்டாலும் போடுவார் என்றேன்.

"இன்னாத்துக்குத் தம்பி? வண்டி நல்லாத்தான ஓடினு இருந்துச்சு?"

"கதவு உள்ளேருந்து திறக்கலைன்னு பெயில் பண்ணிட்டாருக்கா."

அந்தப் பக்கம் அக்கா, "அப்பாடா" என்றார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ நல்லா பண்ணிக்கினு வா. காண்ட்ராக்டருகிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் எட்டுப் பேரும் பஸ்ஸில் போனார்கள். காண்ட்ராக்டர் அனுப்பிய வேறு வேன் தொரப்பள்ளியில் வந்து நின்றதாம். அக்கா அதில் ஏறவில்லை. அவர் ஏறாததால் மற்றவர்களும் ஏறவில்லை. கேட்டில் எட்டுப் பேருக்கும் லேட் என்று குறித்தார்கள். காண்ட்ராக்டர் போனில் சத்தம் போட்டதற்கு அக்கா, "எங்க வண்டி ஒருநாள் ஆஸ்பத்திரி போயிருக்குது, அவ்ளோதான். அது வர்ற வரைக்கும் பஸ்ல வர்றோம்" என்று சொல்லியிருக்கிறார். ஆளே ஏறாத வண்டியைக் காண்ட்ராக்டர் அதற்கப்புறம் அனுப்பவில்லை.

கம்பி பத்து மணிக்கு வந்தது. மெக்கானிக் வேறு வேலையை நிறுத்திவிட்டுப் போட்டுக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் மறுபடி பின்சீட்டில் உட்கார்ந்து, உள்ளிருந்து மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மதியம் ஷிப்டு முடியும்போது நான் கேட்டில் நின்றிருந்தேன். செக்யூரிட்டி தேதியைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

திரும்பும் வழியில்தான் அக்கா சொன்னார். போன ஐப்பசியில் ரயில்வே பாலத்தடியில் மழைத் தண்ணீரில் வேன் நின்றுபோனது எனக்கும் நினைவிருந்தது. என் நினைவில் நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, வண்டியைத் தள்ள ஆட்களைக் கூப்பிட்டு, தனியாகப் பாடுபட்டுக் கொண்டிருந்தேன். அவர்கள் நினைவில் பூட்டிய டப்பாவுக்குள் எட்டுப் பேர் உட்கார்ந்து தண்ணீர் படியைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மழை என்றால் அக்கா கதவோரம்தான் உட்காருவாராம். ஜன்னல் சந்தில் கையை விட்டு வெளிப்பிடியை எட்ட முடிகிறதா என்று பார்த்து வைத்திருந்தாராம். எட்டவில்லையாம்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கோவிச்சிக்கினு போயிடுவ. ஒரு வார்த்தை சொன்னா நிக்கமாட்டான்னு ஓனரு முதல் நாளே சொல்லிட்டாரு. இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு டிரைவருங்க குடிச்சிட்டு ஓட்டினாங்க. நீ குடிக்கறதில்ல. கதவா, நீயான்னு பார்த்தோம். நீ இருந்தா போதும்னு விட்டுட்டோம்."

பின்னாலிருந்து ஒரு பெண், "நீ வேற அவ்ளோ பவுசா வந்து திறக்கற, எப்படிண்ணா சொல்றது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த நிறுத்தம் வரை கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். நன்றி சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் எதற்கு என்று கேட்டிருப்பார். அவரைப் பொறுத்தவரை அன்று பார்த்த வண்டிகளில் அது ஒன்று.

இப்போதும் அதே ரூட்டில்தான் ஓட்டுகிறேன். சர்வீசுக்கு விடுவதற்கு முந்தின நாள் வண்டியை ஓரம்கட்டி, பின்பக்கம் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு சீட்டிலும் சற்று நேரம் உட்காருவேன். முதல் தடவை மூன்றாவது சீட்டின் கம்பி இடுப்பில் குத்தியது. ஜன்னலோர இடத்தில் காலடியில் சூடு ஏறியது. கடைசி வரிசையில் நடுவில் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஒன்றரை வருடமாக அங்கே உட்கார்ந்தவள் எதைப் பிடித்துக்கொண்டு வந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் என் கோணல் எழுத்தில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்தேன்.

"குரு, இதெல்லாம் சர்வீஸ்லயும் வராது, எஃப்.சி.லயும் வராது" என்றார்.

"வராதுண்ணா. பண்ணுங்க" என்றேன்.