இரண்டு சொட்டு ஆயில்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் நிட்டிங் ஃபிட்டர், துணி பின்னும் மிஷின்களைப் பார்த்துக்கொள்பவன். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், துணி ரோல் அடுக்கின் உச்சியிலிருந்து லோடுமேன் சுடலைமுத்து விழுந்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பதறிப்போய், ரோலைத் தூக்குகிற மாதிரியே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்கு ஓடினேன். முதுகில் அடிபட்டவனை அப்படி மடக்கித் தூக்கவே கூடாது என்று டாக்டர் திட்டினார். தண்டுவடம் போனது அவன் விழுந்ததிலா, நான் தூக்கியதிலா என்று கேட்டேன். அது தெரியாது என்றார். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை.

சில வருஷம் கழித்து, கோவையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மேடம் நூலோடு வந்தார். உடம்புக்குள் தானாகக் கரைந்துவிடும் நூல். அதில் பேனா ரீஃபில் பருமனுக்குக் குழாய் பின்ன வேண்டும். அறுந்த தண்டுவடத்துக்கு நடுவில் வைத்தால், அதைப் பிடித்துக்கொண்டு நரம்பு வளருமா என்று பார்க்கிறார்களாம். இப்போதைக்கு எலிக்குத்தான் என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவேயில்லை. அன்று சாயங்காலமே சுடலைமுத்து வீட்டுக்குப் போய், "கவலப்படாத கண்ணு, நீ நடந்துருவே" என்று சொல்லிவிட்டேன்.

நாடா பின்னும் மிஷினில் ஏற்றினால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. கைப்பழக்கம், ஊசிகளில் இரண்டு சொட்டு ஆயில் விட்டேன். அருமையாக ஓடியது. எங்கள் தொழிலில் ஆயில் கறைக்கு யார் பயப்படுகிறார்கள்? சலவைப் பட்டறைக்குப் போனால் போய்விடும்.

இரண்டு வாரத்தில் மேடம் திரும்பி வந்தார். குழாயின்மேல் வளர்க்க வைத்த செல்கள் எல்லாம் செத்துவிட்டனவாம். என்ன தடவினேன் என்று கேட்டார்.

"ரெண்டு சொட்டு ஆயிலுங்க. தொவைச்சாப் போயிருமுங்க."

"அப்படித் துவைச்சா இந்த நூலே போயிடுங்க."

அவர் கொண்டுவந்திருந்த நூலும் அதோடு தீர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

சுடலைமுத்துவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், எலி உட்பட. கட்டிலுக்கு அடியில் புதுச்செருப்பு ஒரு ஜோடி இருந்தது.

"அவசரத்துல தூக்குனிய, அதுக்குக் கோவமில்ல அண்ணாச்சி. நடந்துருவேன்னு சொன்னிய பாருங்க, அதத்தான் தாங்க முடியல. அன்னைக்கே செருப்பு வாங்கியாரச் சொல்லிட்டேன்."

புது ஃபிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதுகில் அடிபட்டவனை, நேராகப் படுக்கவைத்துத் தூக்கப் பலகை வரும்வரை தொடாதே. நம் கையில் இல்லாததை அவனிடம் சொல்லாதே.