ஏலக்காய் மணக்காத மூக்கு

அப்போது ஒன்றரை வருஷமாக நான் அப்பாவைப் பார்க்காமல் இருந்தேன். எங்களுக்கு நடுவில் இருப்பது ஒரே ஒரு மலை இறக்கம்தான். நான் சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறேன். அப்பா என் தம்பி குடும்பத்தோடு மலையடிவாரத்தில், போடிக்குப் போகிற ரோட்டின் மேலேயே இருக்கிறார். காலையில் ஜீப் ஏறினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்விடலாம். கொரோனா வந்ததும் கேரள எல்லையில் இருக்கிற போடிமெட்டு செக்போஸ்ட்டை மூடினார்கள், திறந்தார்கள், பாஸ் கேட்டார்கள், பிறகு பாஸ் வேண்டாம் என்றார்கள். பாதை முழுசாகத் திறந்த பிறகும் நான் போகவில்லை.

பயம். எனக்காக இல்லை. அப்பா வாலிபத்திலிருந்து ஏலக்காய் ஸ்டோரில் அடுப்புப் பார்த்தவர். பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். விறகுப் புகையைக் குடித்துக் குடித்து அவர் நெஞ்சு கெட்டுப் போயிற்று. நாலு எட்டு வேகமாக வைத்தால் மூச்சு இழுக்கும். "இவருக்கு மட்டும் அது வந்துறக் கூடாது, வந்தா தாங்க மாட்டாரு" என்று டாக்டர் சொன்னதைத் தம்பி போனில் சொன்னான். போகாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை, போகலாம் என்று நினைத்தால் டாக்டர் சொன்னதுதான் முன்னால் வந்து நின்றது. அப்பாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. போனை எடுத்தால் ஒரே பேச்சுதான்: "ஏந்தாயி, நான் செத்த பெறகுதான் வருவியா?"

கடைசியில் கிளம்பிவிடுவது என்று துணிந்தேன். ஊசி ரெண்டும் போட்டாயிற்று. பத்து நாள் முன்பே சந்தைக்குப் போவதை நிறுத்தினேன். சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதற்கும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பலகாரம் கொண்டுவந்தபோது வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன், அவள் மூஞ்சி சுருங்கிப் போயிற்று. சுருங்கட்டும். "இவ அப்பன் வீட்டுக்குப் போறாளா, ஆபரேஷன் பண்ணப் போறாளா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவரையும் டீக்கடைக்குப் போக விடவில்லை என்கிற கோபம் அவருக்கு.

சுகாதார வேலையாக எங்கள் பக்கம் வீடு வீடாக வருகிற ஆஷா சேச்சியிடம் யோசனை கேட்டேன். மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "பனி உண்டா, இருமல் உண்டான்னு பாக்கணும். தினம் காலையில எதையாவது மோந்து பாருங்க. மணம் தெரியலைன்னா யாத்திரை வேண்டாம், உடனே என்னைக் கூப்பிடணும்." காய்ச்சலைத்தான் அவர்கள் பனி என்பார்கள்.

மறுநாள் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும்போது இதைச் சொன்னேன். பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ஸ்டோரில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறவர்களுக்கு ஏலக்காய் மணப்பதில்லை, மூக்கு அதற்குப் பழகிச் செத்துவிடும். "அப்பிடிப் பாத்தா நமக்கெல்லாம் எந்தக் காலத்துலயோ கொரோனா வந்துருச்சுடி!" என்றாள் ஒருத்தி. நானும்தான் சிரித்தேன். ஆனாலும் சேச்சி சொன்னாரே என்று தினம் காலையில் ஒரு காயை எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. இது என்றைக்கு நமக்கு மணந்தது என்று திரும்ப டப்பாவில் போட்டுவிடுவேன். வீட்டில் சோப்பு இருந்தது, காப்பித்தூள் இருந்தது, வெங்காயம் இருந்தது. அதில் ஒன்றை எடுத்து மோந்து பார்க்கத் தோன்றவில்லையே! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிளம்புகிற அன்று ஜீப்பில் முன்பக்கம் கதவோரத்து இடத்தைச் சொல்லி வைத்திருந்தேன். ரெண்டு மாஸ்க். குடிக்கத் தண்ணீர் கையில். பின்னால் ஆறேழு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். திரும்பித் திரும்பி அவர்களை அதட்டிக்கொண்டே வந்தேன். "மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்துங்க. தாடைக்கா மாட்டிருக்கீக?"

"ஆத்தா, போலீசுக்காரி ஏறிட்டாடி வண்டியில!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். போடிமெட்டில் இறங்கி அவர்கள் டீ குடித்தார்கள். நான் இறங்கவேயில்லை. எனக்கு எப்போதடா வீடு வரும் என்றிருந்தது. டிரைவர் டீயை ஊதி ஊதிக் குடித்ததைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார் டிரைவர். அடிவாரம் நெருங்குகிற நேரம் பின்னால் ஒரே சத்தம். "அய்யய்யோ, என்ன நாத்தம்! என்னமோ கருகுதுண்ணே!" டிரைவர் ஓரமாக நிறுத்தி, பிரேக் சூடாகிவிட்டது, ஆறட்டும் என்றார். ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள்.

"என்ன நாத்தம்?" என்று கேட்டேன்.

"இம்புட்டு அடிக்குது, ஒனக்குத் தெரியலயா மதினி?"

எனக்குத் தெரியவில்லை. மாஸ்க்கினால் இருக்கும் என்று ஒதுங்கிப் போய் ரெண்டையும் கழற்றினேன். சக்கரத்துப் பக்கம் புகை தெரிந்தது, நாற்றம் மட்டும் இல்லை. பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்து மூக்குக்கு அடியில் வைத்து இழுத்தேன். மூக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மணம் வரவில்லை.

சொல்லாமல் ஏறி உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்பாவின் இழுப்புச் சத்தம் காதுக்குள் கேட்பது போலிருந்தது, எனக்கு மணம் தெரியவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டு வந்தவர்கள் நாலடி பின்னால் போனார்கள். ஒருத்தி திட்டினாள். திட்டட்டும், திட்ட வேண்டியதுதான். "நீங்க போங்க, நான் நடந்து வர்றேன். எந்தம்பி வீட்டுல மட்டும் சொல்லிருங்க" என்று டிரைவரிடம் சொன்னேன். தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டு நடந்தேன். அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு, ரோட்டில் நின்றே தம்பியிடம் ஆசுபத்திரிக்கு வழி செய்யச் சொல்லலாம் என்பது என் கணக்கு. கடைசி வளைவு திரும்பினால் அப்பா வருகிறார். மகள் பாதி வழியில் இறங்கிவிட்டாள் என்று ஜீப்காரர் சொன்னது மட்டும்தான் அவர் காதில் ஏறியிருக்கிறது. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"நில்லுப்பா! கிட்ட வராத!" என்று கத்தினேன்.

"என்ன தாயி, ஒடம்புக்கு என்ன?" என்று இன்னும் வேகமாக வந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். அவர் ரெண்டு எட்டு வைத்தால் நான் ரெண்டு எட்டு பின்னால் போனேன். அப்போதுதான் தெரிந்தது, நான் பின்னால் போகப் போக அவர் மேடு ஏறுகிறார். நின்றால் நோய் ஒட்டும், நகர்ந்தால் மூச்சு நின்றுவிடும். இழுப்புச் சத்தம் அத்தனை தூரத்துக்கும் கேட்டது.

"இன்னும் ஒரு எட்டு வச்சே, நான் இப்பிடியே மலையேறிப் போயிருவேன்! இந்த ஜென்மத்துக்கும் உன் வாசல மிதிக்க மாட்டேன்!"

அப்பாவிடம் நான் அப்படிப் பேசினதே இல்லை. அவர் நின்றார். ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி வந்துதான் அவரைக் கூட்டிப் போனான். திரும்பும்போது அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

எனக்குக் கொரோனாதான் என்று மறுநாள் சொன்னார்கள், என் வீட்டுக்காரருக்கும்தான். ஜீப்பில் வந்த ஒருத்திக்கும் வந்தது. அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அப்பாவுக்கு வரவில்லை.

இப்போது மாதம் ஒரு தடவை போகிறேன். ஜீப் சத்தம் கேட்டதும் அப்பா வாசலுக்கு வந்துவிடுகிறார். வந்தவர் அங்கேயே நின்று, "கிட்ட வரலாமா தாயி?" என்று கேட்கிறார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் "வாப்பா" என்று சொல்லும்வரை ஒரு எட்டு எடுத்து வைப்பதில்லை.