என் பெயரில் ஒரு முத்திரை

ஓர்ஸ் ஹில் என்ற மேட்டுப் பகுதியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடங்கள் லிகிதராக இருந்தேன். காணி உறுதிகளைத் தட்டச்சு செய்வது, வழக்குத் தவணைகளைக் குறித்து வைப்பது, வருகிறவர்களை இருத்திக் கதைப்பது எல்லாம் என் வேலை. அதோடு மொழிபெயர்ப்பும். சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் சொல்ல வேண்டும், தமிழில் இருக்கும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான் எழுதியவற்றின் அடியில் கையெழுத்து வைப்பவர் வேறொருவர். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற முத்திரை அவரிடம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வருவார். தேத்தண்ணி வருவதற்குள் எல்லாத் தாள்களிலும் வரிசையாகக் கையெழுத்து வைத்து முடித்துவிடுவார். ஒன்றையும் வாசிக்க மாட்டார். என் வேலையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

நாற்பத்து நான்கு வயதில் யாருக்கும் சொல்லாமல் அதற்கான பரீட்சையை எழுதினேன். சித்தியடைந்து, நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து, கடையில் கொடுத்து என் பெயரில் முத்திரையும் வெட்டுவித்தேன். சட்டத்தரணி சந்தோஷப்பட்டார். "நல்லம். இனி அவரை ஏன் கஷ்டப்படுத்துவான், நீங்களே வையுங்கோ" என்றார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அதே மேசை, அதே கதிரை.

எரிபொருள் வரிசைகள் முடிந்து, கடவுச்சீட்டு வரிசைகள் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் படியேறி வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வழக்கு எதுவும் இல்லை. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை இங்கிலீசில் மாற்றித் தருவீர்களா என்று கேட்டுத்தான் வந்தார்கள். அது சின்ன வேலை, எங்களுக்கு நேரமில்லை என்று திருப்பி அனுப்பச் சொன்னார் சட்டத்தரணி. பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்கள் இறக்கத்தில் இறங்கிப் போவதை என் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். காலையில் மட்டும் ஏழு பேர்.

என் கணவர் குச்சவெளி வீதியில் தனியார் பஸ் ஓட்டுகிறார். டீசல் இல்லாத மாதங்களில் அந்த பஸ் வாரக்கணக்கில் நின்றது. வீட்டை நடத்தியது என் சம்பளம்தான். அதனால் வேலையை விடப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னார்.

"நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா ரெண்டு பேருமே ஆடுற கதிரையில இருந்தா, வீட்டில ஆர் காலை நிலத்தில வைக்கிறது?"

ஆனாலும் வேலையை விடும் கடிதத்தைக் கொடுத்தேன். சட்டத்தரணி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இங்க நீங்கள் ஒரு பிழை விட்டா என்னட்டத்தான் வந்து கேப்பினம்" என்றார். "வெளியில அப்பிடி இல்லை. யோசிச்சுத்தானே செய்யிறீங்கள்?"

"ஓம் சேர், யோசிச்சனான்" என்றேன். பத்தொன்பது வருடத்தில் என் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அந்தத் தைரியம்.

உள்துறைமுகத்துக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. முன்னறையைக் காலியாக்கி மேசை போட்டு, பழைய கொம்பியூட்டரையும் பிறிண்டரையும் வைத்தேன். வெளிச் சுவரில் மூன்று மொழியிலும் பலகை. முதல் நாள் காலை எட்டரைக்கு, அலுவலகத்துக்குப் போவதுபோலச் சேலை உடுத்து, தலை சீவி, கதிரையில் போய் இருந்தேன். யாரும் வரவில்லை. பன்னிரண்டரைக்கு எழுந்து குசினிக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஒன்றரைக்குத் திரும்பி வந்து இருந்தேன். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டி, "என்ன அக்கா, லீவோ? எங்கேயும் வெளிக்கிடுறியளோ?" என்று கேட்டா.

தொலைபேசி பழுதோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. கணவர் வீட்டில் நிற்கும்போது அவருடைய போனிலிருந்து என் இலக்கத்துக்கு அடித்துப் பார்ப்பேன். நன்றாகத்தான் அடிக்கும். அவர் அதைக் கண்டும் காணாததுபோல இருப்பார். இரண்டாம் கிழமை, என்னிடம் கேட்காமலே, என் அறிவித்தலை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுவித்துத் தன் ஆசனத்துக்குப் பின்னால், பயணிகளின் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டினார். முதலாவது வாடிக்கையாளர் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கித்தான் வந்தார். குச்சவெளியில் சிறிய தோட்டம் செய்கிற ஒருவர். காணி அனுமதிப்பத்திரம் தொடர்பாகச் சிங்களத்தில் வந்த கடிதத்தை மூன்று மாதமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். நான் வாசித்துச் சொன்னதும், "இவ்வளவுதானே? நான் காணியைப் பறிக்கப் போறாங்கள் எண்டெல்லோ பயந்தனான்" என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்தார். அன்று முழுவதும் என் கால் நிலத்தில் நிற்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நான்காம் மாதம் ஒரு நாளில் ஐந்து பேர் வந்து, முற்றத்தில் கதிரை போட வேண்டியிருந்தது. அப்படியொரு நாளில்தான் கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்தார். வளைகுடா நாடொன்றில் வெல்டராக வேலை செய்கிறவர். விடுமுறையில் வந்து நிற்கிறார். இந்த முறை மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். விவாகப் பதிவும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் ஆங்கிலத்தில் வேண்டும். அவற்றைக் கொழும்பில் அத்தாட்சிப்படுத்தி, அதன்பிறகு விசாவுக்குக் கொடுக்க வேண்டும்.

"அவசரம் மிஸ்" என்றார். "லீவு முடியப் போகுது. ஆறு வருசமா போன்லதான் புள்ளைகளப் பாக்கிறன்."

வெளியே மற்றவர்கள் காத்திருந்தார்கள். மூத்த மகனுடையதைத் தட்டச்சு செய்து, கொம்பியூட்டரில் அதே தாளின்மேல் பெயரையும் திகதியையும் இடத்தையும் மாற்றி இளைய மகளுடையதைச் செய்தேன். அலுவலகத்திலும் அப்படித்தான் செய்வோம். கையெழுத்து, முத்திரை, முடிந்தது. அவர் எழுந்து நின்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை, பைலில் வைக்கும் பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மகளுடைய தாளில் கண் போய் நின்றது. பால் என்ற இடத்தில் ஆண் என்று இருந்தது. அண்ணனுடைய தாளில் இருந்ததை மாற்ற மறந்திருக்கிறேன். கீழே என் கையெழுத்து. பக்கத்தில், உண்மையான சரியான மொழிபெயர்ப்பு என்று சத்தியம் செய்கிற என் முத்திரை.

முதலில் எனக்கு வந்த நினைப்பை மறைக்காமல் சொல்கிறேன். யார் இதைப் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த நிமிடமே, கடவுச்சீட்டில் பெண், பத்திரத்தில் ஆண் என்று யாரோ ஒரு அதிகாரி பைலைத் தள்ளி வைப்பதும், விடுமுறை முடிந்து அவர் தனியாக விமானம் ஏறுவதும் கண்முன் வந்தன. அலுவலகத்தில் என்றால் உள்ளே போய் "சேர், ஒரு பிழை" என்று சொல்லியிருப்பேன். பிறகு என்ன செய்வது என்று அவர் சொல்லியிருப்பார். இங்கே உள்ளே போய்ச் சொல்ல அறையே இல்லை.

அவர் தந்த இலக்கத்துக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தது. திருத்திய தாளைப் புதிதாக அச்சடித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்து, முத்திரை குத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். பாலத்தைக் கடக்கும்போது மழை தூறியது. பைலைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்திருந்தேன். முகவரி பத்திரத்தில் இருந்தது. ஒரு பலசரக்குக் கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. நான் யாரென்று சொன்னதும், "அவர் நேத்துப் பின்னேரமே கொழும்புக்குப் போயிட்டாரே மிஸ்" என்றா. "இப்ப லைன்ல நிப்பார். ஏன், என்ன பிரச்சினை?"

பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் தாயின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். காதில் சின்னத் தோடு. நான் அவளைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். தாய் திட்டுவா என்று நினைத்தேன். அவ உடனே கணவருக்கு வேறொரு இலக்கத்தில் எடுத்து, போனை என்னிடம் தந்தா.

"இளைய மகளின்ர தாளைக் குடுத்திடாதேங்கோ. அதில ஒரு பிழை இருக்கு. என்ர பிழை" என்றேன்.

மறுமுனையில் சனங்களின் சத்தம். அவர், "எனக்கு முன்னுக்கு நாலு பேர்தான் மிஸ் நிக்கிறாங்க" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு மணித்தியாலமா நிக்கிறன்."

"நாளைக்குக் காலமை சரியான தாளோட நானே அங்க வந்து நிப்பன். நீங்கள் ஒருநாள் பொறுங்கோ" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், எப்படிப் போகப் போகிறேன் என்று யோசித்தேன்.

கணவர் பஸ்ஸை ஒருநாள் நிறுத்திவிட்டுக் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அன்று வெளிக்கிட்டுக் கொழும்பு பஸ்ஸில் போய், மறுநாள் காலை அத்தாட்சிப்படுத்தும் அலுவலக வாசலில் நின்றேன். முகம் கழுவ இடம் தேடியதும், பழக்கமில்லாத தெருவில் பைலை அணைத்துக்கொண்டு நின்றதும் நினைவிருக்கிறது. எங்கள் இறக்கத்தில் இறங்கிப் போனவர்களைப் போலத்தான் நானும் நின்றிருப்பேன்.

கிண்ணியாக்காரர் வந்தார். வணக்கமும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. தாளை வாங்கி, தமிழ்ப் பத்திரத்தைப் பக்கத்தில் பிடித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டார். முடித்துவிட்டு, "மத்த ரெண்டும் சரிதானே மிஸ்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என் உயிரை வாங்கியது. நடைபாதையில் நின்றபடியே மற்ற இரண்டையும் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சரியாக இருந்தன.

உள்ளே வேலை சில நிமிடம்தான். அங்கே பார்த்தது, பதிவிலுள்ள என் கையெழுத்தும் தாளிலுள்ள கையெழுத்தும் ஒன்றா என்பதைத்தான். பால், திகதி, ஊர் எதுவும் அவர்களுடைய வேலை இல்லை. அப்படியென்றால் பழைய தாளும் இங்கே தடையில்லாமல் போயிருக்கும். அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். வெளியே வந்து, "இங்க போயிருக்கும். விசாக்காரன்ட மாட்டியிருக்கும்" என்றார். பிறகு ஒரு கடையைக் காட்டி, "தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேட்டார். குடித்தோம்.

திரும்பி வந்தபின் ஒரு மாதம் போல ஆட்கள் குறைந்துபோனார்கள். கிண்ணியாவிலிருந்து ஒருவரும் வரவில்லை. நோன்பு மாதம் என்பதாலா, அல்லது அவர் சொல்லிவிட்டாரா? பிள்ளையைப் பால் மாற்றி எழுதுகிற பெண் என்று ஊரெல்லாம் கதை போயிருக்குமா? ஒரு தாளை முடிக்க எனக்கு மூன்று மடங்கு நேரம் எடுத்தது. முத்திரையைக் குத்தப் போய், கையை எடுத்து, மறுபடி முதலிலிருந்து வாசிப்பேன்.

அந்த நேரம் பார்த்துச் சட்டத்தரணி தொலைபேசி எடுத்தார். என் இடத்துக்கு வந்த பிள்ளை கலியாணம் முடித்துப் போகிறாளாம். "திரும்பி வாறீங்களோ? சம்பளமும் கூட்டித் தரலாம்" என்றார். இரண்டு நாள் தவணை கேட்டேன். கணவரிடம் சொன்னபோது, போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

"நீர் அங்க இருக்கேக்க எப்பிடி இருந்தனீர்? இப்ப எப்பிடி இருக்கிறீர்? அதை மட்டும் யோசியும்" என்றார்.

அங்கே நிம்மதியாக இருந்தேன். இப்போது பயந்துகொண்டே இருக்கிறேன். அப்படிப் பார்த்தால் போகத்தான் வேண்டும். போவதென்றே முடிவெடுத்து, அடுத்த நாள் காலை சொல்ல இருந்தேன்.

அந்தக் காலையில் கிண்ணியாவிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தாய் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"பிழ வந்தா கொழும்புக்கே கொண்டுவந்து தர்ற மிஸ் நீங்கதானா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த வெல்டர் அப்படித்தான் ஊரில் சொல்லியிருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் போன கிழமைதான் விமானம் ஏறினார்களாம்.

"பிழை வராமப் பாக்கிறன் அம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர்களை அனுப்பிவிட்டு, சட்டத்தரணிக்கு எடுத்து, "வர ஏலாது சேர்" என்றேன். அவர் நல்லபடியாகக் கதைத்துத்தான் போனை வைத்தார்.

இப்போது தாளைக் கொடுப்பதற்கு முன் வந்தவரையும் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுகிறேன். அவசரம் என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. ஒருவர் எழுந்து போயே விட்டார். சிலர் கவனமாகக் கேட்கிறார்கள். தகப்பனின் முழுப்பெயரை என் வாயால் கேட்கும்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள். கடைசி வரி முடிந்து, "சரிதானே?" என்று நான் கேட்கிறேன். அவர்கள் "ஓம்" என்று சொல்லும்வரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்று காலையும் அடித்தது.