இமயமலைக்கு இரண்டு பேர்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வருவதெல்லாம் புரியும். மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு இடுப்புயரம் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. இருந்தாலும் துணி காயப்போடப் போனால் நடுமாடியில் நின்றுகொண்டு, கொடியைக் கைக்கு எட்டும் வரை இழுத்துத்தான் போடுவேன். சேலம் போகும் பஸ் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இமயமலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். வரைபடத்தில் அதை விரலால் தொட்டதோடு சரி.

அப்படிப்பட்டவளுக்குத்தான் என் மகள் இமயமலையில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் நடந்துபோக இடம் பிடித்தாள். அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் பச்சைப் புல்வெளி, நடுவில் ஓர் ஆறு, பின்னால் பனி மூடிய மலை. புல்வெளியை ஒட்டி ஒற்றையடிப் பாதை. எனக்குப் புல்லும் தெரியவில்லை, பனியும் தெரியவில்லை. அந்தப் பாதையின் ஓரம் எங்கே முடிகிறது என்று மட்டும்தான் பார்த்தேன்.

"பிகினர்ஸுக்குன்னே இருக்கறதும்மா. அம்பது வயசுக்காரங்க எல்லாம் போறாங்க. உனக்கும் எனக்கும் பணம் கட்டிட்டேன்."

"உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போயேன்டி."

"தக்காளித் தோட்டத்த வுட்டுட்டு அப்பா எங்க வரும்?"

என் வீட்டுக்காரர் ரசத்தைக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "டேங்கு ரொம்பிடுச்சான்னு பாக்கவே மேல ஏறமாட்டா. இவளப் போயி இமயமலைக்கா? கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போ. முழுசா வூட்டுக்குக் கொண்டாந்து சேத்துடு, எனக்குச் சோறாக்க ஆளு வேணும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் சொன்னாள்: "நீ என்னை ஒரு டூருக்காச்சும் அனுப்பியிருக்கியா? கெணத்துல நீச்சல் கத்துக்க வுட்டியா? பாலக்கோட்டுக்குச் சைக்கிள்ல போறேன்னதுக்கு ரெண்டு நாள் சோறு திங்காம கெடந்தியே. பரவால்ல. இப்ப நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதனால்தான் என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அன்றிலிருந்து பயணத்துக்கான ஏற்பாடுகள் ஆரம்பித்தன. எனக்கு ஒவ்வோர் ஏற்பாடும் ஒரு புதுப் பயம். தர்மபுரியில் கணுக்கால் வரை மூடும் பூட்ஸ் வாங்கினோம். கணுக்காலை ஏன் மூட வேண்டும், பிசகுமா என்று கேட்டேன். கடைக்காரர் பிசகாமலிருக்கத்தான் என்றார். அப்படியென்றால் பிசகும். மழைக்கோட்டு, கம்பளிக் குல்லாய், தலையில் மாட்டும் டார்ச் எல்லாம் வந்து சேர்ந்தன. டார்ச் எதற்கு, வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்துக்குப் போய்விட மாட்டார்களா என்றேன். கக்கூஸ் தனிக் கூடாரம், அதற்கு இருட்டில் எழுந்து போக வேண்டும் என்றாள். கரடி வருமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, வரும் என்று சொல்லியிருப்பாள்.

பயணத்தை நடத்தும் கம்பெனியில் தினமும் காலையில் வேகமாக நடக்கச் சொல்லியிருந்தார்கள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பூட்ஸோடு ஏரிக்கரையில் நடந்தேன். எங்கள் ஊரில் பெண்கள் காரணமில்லாமல் நடப்பதில்லை. எதிரே மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா நின்று, "எவ்வளவு இருக்குதுங்க டீச்சர்?" என்றார். எனக்குப் புரியவில்லை. "சுகருதாங்க. எனக்கு முந்நூறு" என்றார் பாசத்தோடு. வாரம் முடிவதற்குள் டீச்சருக்குச் சர்க்கரை வந்துவிட்ட செய்தி ஊர் முழுக்கப் பரவி, ஒருவர் பாகற்காய்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். இமயமலைக்குப் போகிறேன் என்று சொல்வதைவிடப் பாகற்காயை வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது.

சமதரையில் நடந்தால் போதாது, மலை ஏறிப் பழகுங்கள், முதுகில் பையோடும் காலில் அதே பூட்ஸோடும் ஏறுங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே ஏறுங்கள் என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். மலை என்றால் எங்களுக்குத் தெரிந்தது தீர்த்தமலை. அரூர் போய் அங்கிருந்து இன்னொரு பஸ். படிக்கட்டு ஏறினால் மேலே ஈஸ்வரன், பாறையிலிருந்து விழும் தீர்த்தம். பயிற்சிக்குப் பயிற்சியும் ஆயிற்று, சாமி கும்பிட்டதும் ஆயிற்று என்று கிளம்பினோம்.

சாமி இருக்கும் மலை மேல் செருப்புப் போட்டுக்கொண்டு யார் ஏறுவார்கள்? பூட்ஸை அடிவாரத்தில் பூக்காரம்மாவிடம் விட்டேன். சாமி கும்பிடும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பதால் பையிலிருந்த பாட்டிலைத் தொடவில்லை. முதல் நாள் இரவே விரதம். கம்பெனிக்காரர்கள் சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. கோயிலுக்குப் போகிறவள் கோயிலுக்குப் போகிற மாதிரிதானே போவாள். மகள் மட்டும் அரூர் பஸ் ஸ்டாண்டில் பூரி தின்றாள். நான் அவளை முறைத்தேன்.

பாதி மலை ஏறுவதற்குள் என் காதுக்குள் கொய்யென்றது. படி இரண்டு இரண்டாகத் தெரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் ரவிக்கையே துடித்தது. மகள் அடிக்கடி நின்றாள். "பாவம், உக்காரும்மா" என்று சொல்லிப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். எனக்காக நிற்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. ஒரு திருப்பத்தில் கீழே பார்த்துவிட்டேன். அடிவாரத்துக் கடைகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. செத்துவிடுவேன் என்று நிஜமாகவே நினைத்தேன். இந்தச் சின்ன மலையிலேயே இப்படி என்றால் அங்கே என்ன ஆகும்? முன்பின் தெரியாத இடத்தில், பனியில், என் பிள்ளை என் உடம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவாள்?

எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தோம். தீர்த்தத்தில் நனைந்து சந்நிதி முன்னால் நின்றபோது நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எப்படியாவது இந்தப் பயணம் நின்றுவிட வேண்டும் சாமி. என் வாயால் வேண்டாம் என்று சொல்ல வைக்காமல் நீயே பார்த்து நிறுத்திவிடு.

இறங்கும்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. இருவரும் டாக்டரிடம் காட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. எனக்கு வந்த மயக்கத்தைச் சொன்னால் எந்த டாக்டரும் போகச் சொல்ல மாட்டார். அடுத்த சனிக்கிழமையே தர்மபுரியில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனோம். நடந்ததை ஒன்றுக்கு இரண்டாகவே சொன்னேன். அவர் ஈ.சி.ஜி. எடுத்தார், ரத்த அழுத்தம் பார்த்தார்.

"ஏறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க டீச்சர்?"

"சாமி பாக்கப் போறப்ப எப்படிங்க சாப்புடறது?"

"தண்ணியாவது?"

"பச்சத் தண்ணி பல்லுல படலைங்க" என்றேன் பெருமையாக.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "முந்தின நாள்லேர்ந்து பட்டினி கிடந்து வெறுங்கால்ல மலை ஏறினா எனக்குந்தாங்க மயக்கம் வரும். உங்க இதயம் நல்லா இருக்குது. தாராளமா போய்ட்டு வாங்க."

என் கடைசிக் கதவும் சாத்திக்கொண்டது. மகள் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "எனக்கும் பாத்துடுங்க டாக்டர், சும்மா பேருக்கு" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் சிரிப்பு அடங்காமலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வைத்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். மூச்சை இழு என்றார், விடு என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேல ஏறும்போது உனக்கு மூச்சு வாங்குச்சாம்மா?"

"கொஞ்சங்க. அம்மாவுக்காக நின்னு நின்னுதானே போனோம்."

அப்படிச் சொன்னவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் எனக்காக மட்டும் நிற்கவில்லை.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரில் ஓர் ஓட்டை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது, பல பேருக்கு இந்த வயதில்தான் தெரியவரும், தொடை ரத்தக் குழாய் வழியாக ஒரு மூடியைக் கொண்டுபோய் அடைத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதுவரை உயரமான இடம் எதற்கும் போகக் கூடாது என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார். கிணற்றையும் சைக்கிளையும் ரோட்டில் போகும் லாரியையும் பார்த்து இத்தனை வருஷம் பயந்துகொண்டிருந்தேன். பயப்பட வேண்டியது அவள் நெஞ்சுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பயணம் நின்றுவிட்டது. நான் கேட்டபடியே, என் வாயால் வேண்டாம் என்று சொல்லாமலே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வந்த பயத்துக்கு முன்னால் கரடியும் பள்ளமும் ஒன்றுமே இல்லை. அடுப்படியில் நின்றால், பள்ளியில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால், நானே கேட்டு வாங்கினேன், நானே கேட்டு வாங்கினேன் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லப் பயம். சாமி படத்தை நிமிர்ந்து பார்க்கப் பயம்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்குச் சாயந்திரம், கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"பொறந்ததுலேர்ந்து இருக்கற ஓட்டைன்னு டாக்டர் சொன்னாரில்ல? நீ போன மாசம் வேண்டப்போறேன்னு உங்க சாமி அப்பவே வந்து ஓட்டை போட்டுட்டுப் போனாரா? டீச்சருன்னு வெளிய சொல்லிக்காத."

நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "ம்மா, எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் அறைக்குள் வந்த அவள் அப்பா, "சே, இதுக்கெல்லாம் பயப்படுவாங்களா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. பயப்படாதே என்று ஊரே என்னிடம் சொல்லியிருக்கிறது, ஒரு நாளும் அதனால் பயம் போனதில்லை. "எனக்கும்தான்டி பயமா இருக்குது. தள்ளிப் படு" என்று சொல்லி அந்தச் சின்னக் கட்டிலில் அவளோடு ஒட்டிப் படுத்துக்கொண்டேன். அவள் என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். வெளியே பெஞ்சில் நான் மட்டும், மடியில் அவள் போன். அது அடித்தது. நடைப் பயணக் கம்பெனியிலிருந்து ஒரு பெண், கன்னடம் கலந்த தமிழில் பேசினாள். உடம்புக்கு முடியவில்லை என்று மகள் எழுதியிருந்தாளாம்.

"மேடம், ரெண்டு தரா, ரெண்டு விதமா பண்ணலாம். கேன்சல் பண்ணி பணத்தை வாபஸ் வாங்கிக்கலாம். இல்ல, அடுத்த வருஷத்துக்கு சீட் வைக்கலாம். எது பண்ணட்டும்?"

வாபஸ் என்ற வார்த்தை அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. எதையும் வாபஸ் வாங்கும் தைரியம் எனக்கு இல்லை.

"அடுத்த வருஷத்துக்கு வைங்க" என்றேன்.

"சரி மேடம். எத்தனை பேர்?"

"ரெண்டு பேருங்க. நானும் எம் பொண்ணும்."

அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் கேட்டாள். ரெண்டு பேருங்க என்று நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னேன். கதவு இன்னும் திறக்கவில்லை.